கொல்லைப்புறத்தில் ஒரு ராணியின் ராஜ்யம்

கன்னியாகுமரி மாவட்டம், மார்த்தாண்டம் பக்கத்திலே ஒரு வீடு. தை மாதத்துக் காலை நேரம். கொல்லையில் தென்னை மர நிழலில் ஒரு மரப்பெட்டி நிற்கிறது. அதன் வாசலில் தேனீக்கள் கொத்துக் கொத்தாகத் திரண்டிருக்கின்றன. உள்ளே ஒரே இரைச்சல்!

பெட்டிக்குச் சொந்தக்காரருக்குக் கவலை பிடித்துக்கொள்கிறது. ஏன் தெரியுமா? ராணி வீட்டை விட்டுக் கிளம்பப் போகிறாள். இன்று அவளைத் தவற விட்டால், மாசி, பங்குனியில் கிடைக்க வேண்டிய தேனில் பெரும் பங்கு கைவிட்டுப் போய்விடும்.

பிரிந்து போகும் குடும்பம்

ஒரு பெட்டிக்கு ஒரே ராணிதான். முட்டையிடுவதுதான் அவள் வேலை. மற்ற வேலைகளையெல்லாம் ஆயிரக்கணக்கான வேலைக்காரத் தேனீக்கள் செய்கின்றன. கூடு பெருக்குவது, குஞ்சுக்கு ஊட்டுவது, மெழுகால் அடை கட்டுவது, வாசலில் காவல் நிற்பது, வெளியே போய்த் தேன் கொண்டு வருவது எல்லாம் அவற்றின் பொறுப்பு. அவை அத்தனையும் பெண்களே! ஆண் தேனீக்கு உழைப்பும் இல்லை, கொடுக்கும் இல்லை.

மழை முடிந்து பூக்கள் மலரத் தொடங்கியதும் குடும்பம் பெருகும். பெட்டியில் இடம் போதாது. உடனே தேனீக்கள் அடையின் கீழ் ஓரத்தில் நிலக்கடலை போலத் தொங்கும் அறைகளைக் கட்டும். அவைதாம் ராணி அறைகள். முட்டையிட்ட சுமார் 16 நாளில் புது ராணி வெளிவருவாள். அதற்கு முன்பே பழைய ராணி, பாதிக் குடும்பத்தை அழைத்துக்கொண்டு பறந்துவிடுவாள்.

ஆகவே இந்த நாட்களில் வாரம் ஒரு முறையாவது பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். கூட்டம் பிரியாமல் இருக்க ராணி அறைகளைக் கிள்ளி எறிவது ஒரு வழி. குடும்பம் பலமாக இருந்தால், ராணி அறையுள்ள அடையோடு சில சட்டங்களை எடுத்து இன்னொரு பெட்டியில் வைப்பது மற்றொரு வழி. ஒரு பெட்டி இரண்டாகிவிடும்!

அதையும் மீறிக் கூட்டம் பறந்து போய் மரக்கிளையில் தொங்கினால்? பயம் வேண்டாம். வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டுக் கிளம்பிய தேனீக்கள் அவ்வளவாகக் கொட்டுவதில்லை. பழகிய கைகள் அவற்றைக் கூடையில் இறக்கி, மாலையில் புதுப் பெட்டிக்குக் குடியேற்றிவிடும்.

பூவில்லாத தேன்

பிறகுதான் வசந்தத்தின் அதிசயம் நடக்கிறது. குமரி மாவட்டத்து ரப்பர் மரங்கள் பனிக்காலத்தில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். பின்பு ஒரே மூச்சில் தளிர் விடும். இலைக்காம்பின் நுனியில், மூன்று சிற்றிலைகளும் சேரும் இடத்தில் சிறிய சுரப்பிகள் உண்டு. அவற்றில் இனிப்பு நீர் கசியும். பூவுக்குப் போகாமல், இலைக்காம்பிலேயே தேனீக்களுக்கு விருந்து!

இந்தச் சமயத்தில்தான் பெட்டியின் மேல் தேன் அறையை வைப்பார்கள். அடையின் கண்கள் பெரும்பாலும் மெழுகால் மூடப்பட்டிருந்தால் தேன் பக்குவமாகிவிட்டது என்று அர்த்தம். லேசாகப் புகை காட்டி, சட்டத்தை எடுத்து, மெழுகு மூடியைக் கத்தியால் சீவி, சுழலும் தேன் எடுக்கும் இயந்திரத்தில் வைப்பார்கள். அடை உடையாமல் தேன் மட்டும் தெறித்து இறங்கும். காலி அடையைத் திருப்பி வைத்தால் தேனீக்கள் மறுபடி நிரப்பத் தொடங்கும். உழைக்கும் பருவத்தில் ஒரு தேனீயின் ஆயுள் சில வாரங்களே. அதன் ஆயுள் முழுவதும் சேர்க்கும் தேன் ஒரு சிறு கரண்டிக்குக்கூடக் காணாது.

பெட்டி வந்த கதை

மலைக்குப் போய்ப் புகை போட்டு, அடையைப் பிழிந்து, குஞ்சுகளையும் கொன்று தேன் எடுத்த காலம் ஒன்று இருந்தது. 1910-ஐ அடுத்த ஆண்டுகளில் திருச்சியில் பாதிரியார் நியூட்டன், நம் நாட்டுத் தேனீயின் அளவுக்கு ஏற்ற சிறிய பெட்டியை அமைத்துப் பலருக்குப் பயிற்சியும் கொடுத்தார். அந்தப் பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் பணி மையம் இந்தத் தொழிலைக் குடிசைக்குக் குடிசை கொண்டு சேர்த்தது.

1990-களின் தொடக்கத்தில் பேரிடி விழுந்தது. தாய் சாக்குப் புழு நோய் என்ற வைரஸ் நோய் பரவியது. புழுக்கள் அறைக்குள்ளேயே நீர் கட்டிய பை போலாகிச் செத்தன. பெட்டி பெட்டியாகக் குடும்பங்கள் அழிந்தன. தேனை நம்பியிருந்த வீடுகள் தவித்தன. ஆனாலும் மக்கள் கைவிடவில்லை. தப்பிப் பிழைத்த குடும்பங்களைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கினார்கள். பெட்டிகள் மறுபடி நிறைந்தன.

சில எச்சரிக்கைகள்

பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. தேனீ கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். மூச்சுத் திணறினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. பிறந்த சிசுவின் நாக்கில் தடவவும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி சிசுவின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

சித்திரை முடிந்து மழை பிடித்துவிட்டால் பூவும் குறையும், தேனும் வற்றும். அப்போது பெட்டியில் கொஞ்சம் தேனை விட்டு வைக்க வேண்டும். போதாவிட்டால் மாலை வேளையில் சர்க்கரைப் பாகு காய்ச்சி ஆற வைத்து ஊட்ட வேண்டும். எல்லாவற்றையும் வழித்து எடுத்த வீட்டில் அடுத்த தை மாதம் பெட்டி காலியாகக் கிடக்கும். தேனீக்கும் பங்கு வைத்த வீட்டிலோ, மறுபடி அந்த இரைச்சல் கேட்கும்!