எந்த மண்டலமுங்க?

உடுமலைப்பேட்டைப் பக்கம் பூமி பார்க்கப் போகிறவர் விலையைக் கேட்பதற்கு முன்னால் 'எந்த மண்டலமுங்க?' என்று கேட்டுவிடுவது நல்லது. பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டத்தில் (பி.ஏ.பி.) திருமூர்த்தி அணையை நம்பியிருப்பது சுமார் 3.77 லட்சம் ஏக்கர். அதை நான்கு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்றொன்றும் ஏறக்குறைய 94 ஆயிரம் ஏக்கர். ஒரு தடவை பாய்ந்த பூமிக்கு மறுபடி முறை வர இரண்டு வருஷம் ஆகும்.

அதுவும் முறை வந்தால் போதுமா? தண்ணீர் சுற்றுச் சுற்றாகத்தான் வரும். மக்காச்சோளம் பூத்துக் கதிர் பிடிக்கிற நேரத்தில் ஒரு சுற்று தள்ளிப்போனால், உரித்துப் பார்க்கும்போது தெரியும்: அடியில் நாலு வரிசை மணி, நுனியெல்லாம் வெறும் சக்கை. விதை, உரம், களை எல்லாவற்றுக்கும் செலவு முழுசு, மகசூல்தான் பாதி.

திருமூர்த்தி அணையின் கொள்ளளவு 2 டி.எம்.சி.கூட இல்லை. சர்க்கார்பதியிலிருந்து மலையோரமாக 49 கிலோமீட்டர் காண்டூர் கால்வாயில் வருகிற தண்ணீரை வாங்கி விடுகிற இடம் அது, அவ்வளவுதான். 2022 செப்டம்பர் 21 அதிகாலையில் பரம்பிக்குளம் அணையின் ஷட்டர் உடைந்து சாலக்குடி ஆற்றோடு போன தண்ணீர், இந்த அணையை இரண்டு தடவைக்கு மேல் நிரப்பியிருக்கும். கேரளாவோடு போட்ட 1970 ஒப்பந்தத்திலேயே பேசிய ஆனைமலையாறு அணை இன்னும் பேச்சாகவே இருக்கிறது. இதற்கு நடுவில் வாய்க்கால் கரையோரம் குழாயைப் போட்டு மோட்டாரில் இழுப்பவர்கள் வேறு. காங்கயம், வெள்ளகோவில் கடைமடைக்குப் போய்ச் சேருவது யானைப் பசிக்குச் சோளப்பொரி. கடைமடைக்காரர்கள் பந்தல் போட்டுப் போராடியும் பார்த்துவிட்டார்கள்.

தொண்ணூறுகளில் ஆயக்கட்டை விரித்ததால்தானே கூடுதல் பேருக்குத் தண்ணீர் கிடைத்தது என்பார்கள். கிடைத்தது, சரி. சோற்றுப் பானை அதே அளவுதான், பந்தியில்தான் ஆள் கூடிவிட்டது.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் தென்னை. மண்டலப் பாசனம் இரண்டு வருஷத்துக்கு ஒரு புஞ்சை வெள்ளாமை எடுப்பதற்கான ஏற்பாடு. தென்னையோ வருஷம் முழுக்கக் குடிக்கிற மரம். சோளத்துக்கும் கடலைக்கும் ஆள் கிடைக்கவில்லை, தோப்பு வைத்தால் மாதக் கணக்கில் காய் வெட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டுத்தான் வைக்கிறார்கள். குற்றம் சொல்ல முடியாது. ஆனால் முறை இல்லாத மாதங்களில் அந்த மரத்துக்கு யார் ஊற்றுவது? கிணறு வற்றியதும் போர், அதுவும் வற்றியதும் பக்கத்திலேயே இன்னொரு போர், ஆயிரம் அடி. 2017 வறட்சியில் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றியும் கொண்டை சாய்ந்த மரங்களை வெட்டி அடுக்கினார்கள். சோளம் காய்ந்தால் ஒரு பருவம் போச்சு. தென்னை காய்ந்தால் காய்ப்புக்கு வரக் காத்திருந்த வருஷமெல்லாம் போச்சு.

அத்தனையும் பார்த்த பிறகும் தோப்பு குறையவில்லை. புதிதாக வைப்பவர்கள் முதலில் கூப்பிடுவது திருச்செங்கோட்டு ரிக் வண்டியை. நாற்றுக்குக் குழி எடுப்பது அதற்கப்புறம். அந்தப் பூமி எந்த மண்டலம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.