ஓட்டை போட்டுவிட்டால் என்ன, சார்?

கொல்லிமலை வாசலூர்பட்டி படகு இல்லத்துக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துச் சென்றிருந்தேன். அரை மணி நேரம் நல்ல மழை. மழை விட்டதும் படகுக்காரர் ஒரு பிளாஸ்டிக் குவளையால் படகுக்குள் தேங்கிய நீரை அள்ளி வெளியே ஊற்றத் தொடங்கினார். பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன் கேட்டான்: "எதுக்கு சார் இவ்வளவு கஷ்டம்? அடியில ஒரு ஓட்டை போட்டுட்டா தண்ணி தானா போயிடுமே!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடலில் செல்லும் பாய்மரப் படகுகளில் அப்படித்தான் ஓட்டை போட்டிருக்கிறார்கள் என்பது பிறகு படித்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

அவன் கேட்டதில் தவறில்லை. மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் நெல்வயல்களைப் பார்த்து வளர்ந்தவன். மேல் வயலில் தண்ணீர் மிஞ்சினால் வரப்பில் மடை வெட்டுவார்கள். நீர் கீழ் வயலுக்கு இறங்கிவிடும். துளை போட்டால் நீர் போகும் என்பது அவனுக்குப் பாடமல்ல, கண்ணால் கண்டது. அதில் ஒளிந்திருக்கும் நிபந்தனை ஒன்றுதான்: நீர் போய்ச் சேரும் வயல் தாழ்வாக இருக்க வேண்டும். ஏரியில் மிதக்கும் சாதாரணப் படகின் உள்தரை, வெளியே உள்ள நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அங்கே படகுதான் கீழ் வயல், ஏரிதான் மேல் வயல். மடையைத் திறந்தால் எது எங்கே பாயும் என்று அந்தப் பையனே சொல்லிவிடுவான்.

பாய்மரப் படகைக் கட்டுபவர்கள் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டார்கள். படகின் பின்பகுதியில் மாலுமி அமர்ந்து சுக்கான் பிடிக்கும் தொட்டி போன்ற பள்ளத்தைக் காக்பிட் என்பார்கள். அதன் தரையை வெளியே உள்ள நீர்மட்டத்தைவிட உயரமாக அமைத்து, தரையின் மூலையில் துளையிட்டு, குழாய் வழியே படகின் உடலைத் துளைத்து வெளியே விடுகிறார்கள். அலை ஏறி காக்பிட் நிரம்பினாலும் நீர் தானாக இறங்கிவிடும்.

எவ்வளவு நீர்? 2 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழம் உள்ள காக்பிட்டில் ஒரே அலையில் 480 லிட்டர் நிற்கும். கிட்டத்தட்ட அரை டன். எட்டுப் பெரியவர்கள் திடீரென்று படகின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்ததற்குச் சமம். எட்டுப் பேராவது ஓரிடத்தில் உட்காருவார்கள், நீர் உட்காராது. தாம்பாளம் நிறைய நீரை ஏந்தி நடந்து பாருங்கள். தட்டு லேசாகச் சாய்ந்தாலே நீர் முழுவதும் அந்தப் பக்கம் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஸீபுரூகே துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்' என்ற பெரிய பயணிகள் கப்பல், முன்கதவு மூடப்படாததால் வாகனத் தளத்தில் நீர் புகுந்து, சில நிமிடங்களில் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். உள்ளே வந்த நீரை விரைவாக வெளியேற்றுவது உயிர்ப் பிரச்சினை என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

விரைவு என்பது துளையின் அளவைப் பொறுத்தது. மேலே சொன்ன காக்பிட்டின் தரை நீர்மட்டத்துக்கு 15 செ.மீ. மேலே இருக்கிறது, 25 மி.மீ. விட்டத்தில் இரண்டு துளைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். டாரிசெல்லி விதிப்படி (வேகம் = √2gh), துளையில் ஏற்படும் இழப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், முழுவதும் வடிய 5 நிமிடத்துக்கு மேல் ஆகும். துளையின் விட்டத்தை 50 மி.மீ. ஆக்கினால் பரப்பு நான்கு மடங்காகும், நேரம் 80 விநாடியாகக் குறையும். விட்டத்தை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு என்பதை வட்டத்தின் பரப்பளவு நடத்தும்போது எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம்; இப்படி ஓர் அவசரம் அதற்குப் பின்னால் இருந்தால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். வேர்ல்டு செய்லிங் அமைப்பின் கடற்பந்தய விதிகளும் இந்தப் பரப்பைத்தான் வரையறுக்கின்றன: 8.5 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுக்கு, 20 மி.மீ. துளைகள் நான்குக்குச் சமமான வடிகால் வேண்டும். அதுவும், குப்பை அடைக்காமல் இருக்கப் போடும் சல்லடை மறைக்கும் இடத்தைக் கழித்த பிறகு.

காக்பிட் வடிகால் தவிர வேறு துளைகளும் படகில் உண்டு. இயந்திரத்தைக் குளிர்விக்கக் கடல்நீர் எடுக்க, பாத்திரம் கழுவிய நீரை வெளியேற்ற, கழிப்பறைக்கு என்று. இவற்றில் பல நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பவை. நம் ஏரிகளில் கலிங்கும் மதகும் வெவ்வேறு இடத்தில் இருப்பதை நினைத்துக்கொண்டால் வேறுபாடு புரியும். கலிங்கு நிறைமட்டத்தில் இருக்கிறது. மிஞ்சினது தானாக வழியும், கதவு தேவையில்லை. மதகு அடியில் இருக்கிறது. அதற்குக் கதவு இல்லாவிட்டால் ஏரியே காலி. படகிலும் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஒவ்வொரு துளைக்கும், துளையை ஒட்டியே, கைக்கு எட்டும் இடத்தில் ஒரு வால்வு இருக்க வேண்டும். குழாயைப் பிடித்திருக்கும் கவ்வி துருப்பிடித்து, குழாய் கழன்றுவிட்டால் என்ன ஆகும்? நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே, பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே சிறிய 25 மி.மீ. துளை வழியாக விநாடிக்குச் சுமார் 1 லிட்டர் உள்ளே வரும். ஒரு மணி நேரத்தில் 3,600 லிட்டர். ஆழ்கடல் படகுகளில் ஒவ்வொரு துளையின் பக்கத்திலும் அதன் அளவுக்குச் செதுக்கிய மென்மரக் கட்டை ஒன்றைக் கட்டிவைப்பது இதற்காகத்தான். எல்லாம் கைவிட்டால் அந்தக் கட்டையை அடித்து இறுக்குவார்கள்.

வேதியியல் ஆசிரியர்களுக்கும் இங்கே ஒரு பாடம் இருக்கிறது. இந்த வால்வைச் சாதாரணப் பித்தளையில் செய்தால் கடல்நீர் அதிலுள்ள துத்தநாகத்தை மெல்ல மெல்லக் கரைத்து எடுத்துவிடும். மிஞ்சுவது இளஞ்சிவப்பு நிறத்தில், பஞ்சு போல நுண்துளைகள் கொண்ட செம்பு. பார்வைக்கு முழுசாக இருக்கும், கையால் திருகினால் உடையும். துத்தநாகத்துக்குப் பதில் வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் இப்படிக் கெடுவதில்லை. உலோகக் கலவைகளின் இயைபை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளிடம், ஒரு படகு மூழ்குவதும் மூழ்காததும் இந்த இயைபில் இருக்கிறது என்று சொல்லலாம்.

படகு காற்றில் ஒரு பக்கம் சாய்ந்தே ஓடுவதால் இன்னொரு தந்திரமும் உண்டு. காக்பிட்டின் இடது மூலைக் குழாயை வலப்பக்கத் துளைக்கும், வலது மூலையை இடப்பக்கத் துளைக்கும் குறுக்காகக் கொண்டுபோவார்கள். படகு வலப்பக்கம் சாய்ந்தால் நீர் தேங்குவது வலது மூலையில். அந்த மூலையின் குழாய் திறப்பதோ உயர்ந்து நிற்கும் இடப்பக்கத்தில். நேராக இணைத்திருந்தால் வலப்பக்கத் துளை நீரில் ஆழ்ந்து, கடல் அதே வழியில் ஏறி வந்திருக்கும்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் நேத்ரா குமணன் ஓட்டிய லேசர் ரேடியல் படகில் வேறு வகை. அதன் அடியில் உள்ள சிறு வடிகால், படகு வேகமாக ஓடும்போது அழுத்தக் குறைவால் நீரை உறிஞ்சி வெளியேற்றும். படகு நின்றுவிட்டால் அதே துளை வழியே நீர் மேலே வரும். நம் கட்டுமரத்துக்கோ இந்தக் கவலையே இல்லை. மிதப்பது மரமே தவிர உள்ளே அடைத்த காற்று அல்ல. ஏறிய அலை கட்டைகளின் இடுக்கு வழியே வழிந்துவிடும். ஓட்டுபவர் நனைவார், அவ்வளவுதான். புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி, தில்னாவுடன் 2024 அக்டோபர் 2 முதல் 2025 மே 29 வரை 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்த செய்தியைப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். அந்தப் பயணத்தை வகுப்பில் பேசும்போது இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒன்பதாம் வகுப்பின் 'பாய்மங்கள்' பாடத்தோடு இதைச் செய்து காட்டுவது எளிது. உயரமான பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதற்குள் அடங்கும் சிறு ஐஸ்கிரீம் கிண்ணம் ஒன்று, தீர்ந்துபோன ஸ்கெட்ச் பேனாவின் உறை ஒன்று. உறையின் இரு முனையையும் வெட்டிக் குழாயாக்கி, கிண்ணத்தின் அடியையும் டப்பாவின் அடியையும் துளைத்து இணையுங்கள். இரண்டு இடத்திலும் எம்-சீல் வைத்து முதல் நாளே காயவிட வேண்டும். டப்பாவின் அடியில் கொஞ்சம் கூழாங்கல் வேண்டும், இல்லாவிட்டால் கவிழும். கிண்ணத்தின் தரை நீர்மட்டத்துக்கு மேலே இருக்குமாறு வாளியில் மிதக்கவிட்டு, கிண்ணத்தில் நீர் ஊற்றுங்கள். வடிந்துவிடும். இப்போது கிண்ணத்தில் ஒவ்வொரு கல்லாக வையுங்கள். ஏதோ ஒரு கல்லில், யாரும் நீர் ஊற்றாமலே கிண்ணத்தின் தரை நனையத் தொடங்கும். துளை மாறவில்லை, குழாய் மாறவில்லை. சுமை மட்டும்தான் மாறியது. வெளியேற்றிய துளை இப்போது உள்ளே விடுகிறது.

அந்தக் கடைசிக் கல்லைக் காட்டியபின், படகில் எழுதியிருக்கும் ஆள் எண்ணிக்கையைப் பற்றிப் பேசினால் பிள்ளைகள் கேட்பார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். சுற்றுலாவில் "இன்னும் ரெண்டு பேர்தானே, ஏறிக்கட்டும்" என்று சொல்லும் நிலை நமக்கு வரும். எண்ணிக்கையைக் கேட்டுவிட்டு, உயிர்காப்பு உடையின் பட்டியை நாமே இழுத்துப் பார்த்துவிட்டு ஏற்றுவது நம் வேலை.

நேரம் மிஞ்சினால் சோதனையை இன்னும் ஒரு படி நீட்டலாம். தரை நனையத் தொடங்கிய அந்த நிலையில் கல்லை எடுக்காமல், ஐந்து லிட்டர் நீருக்கு ஒரு கிலோ என்று கல் உப்பைப் போட்டு மெதுவாகக் கரையுங்கள். நீரின் அடர்த்தி கூடி டப்பா சற்றே உயரும். ஏன் என்று நீங்கள் சொல்லாதீர்கள். கடலைப் பார்த்திராத கொல்லிமலைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.