கிறிஸ்தவ தேவாலயம் புனித இடமா?

கோயிலில்லாத ஊரிற் குடியிருத்தல் தகாது என்பது நம் முன்னோர் கொள்கை. பிரதிட்டையும் கும்பாபிஷேகமும் விதிப்படி நிகழ்ந்த கோயிலை இறைவன் எழுந்தருளியுள்ள இடமாகவே நாம் போற்றுகின்றோம். ஆகவே, கிறிஸ்தவ அன்பர் ஒருவர், "ஆலயம் வெறுங் கட்டிடந்தான், கூடுகின்ற மக்களே திருச்சபை" என்று கூறக் கேட்பின் நமக்கு வியப்புண்டாகின்றது. வேறொரு கிறிஸ்தவரோ வாயிலிலே தீர்த்தந் தொட்டுச் சிலுவை அடையாளமிட்டு, பீடத்தை நோக்கி முழந்தாளிட்டு வணங்குகின்றார். ஒரே சமயத்தில் இவ்விரு கொள்கைகளும் எவ்வாறு இடம்பெற்றன?

இதன் வேர் மிகப் பழையது. யெரூசலேமில் ஆலயங் கட்டிய சாலொமோன் அரசனே, வானமுங் கொள்ளாத கடவுளை இவ்வீடு கொள்ளுமோ என ஐயுற்றான் என்று விவிலியம் கூறும். பவுலடியார் விசுவாசிகளையே இறைவனின் ஆலயம் என்றார். யெரூசலேம் ஆலயத்தை உரோமர் கி.பி. 70இல் அழித்தனர். முதற் கிறிஸ்தவர்கள் வீடுகளிலேயே கூடி வழிபட்டனர். சிரியாவிலுள்ள டுரா யூரோப்பஸ் என்னும் பழம் பட்டினத்தில், 3ஆம் நூற்றாண்டில் வழிபாட்டிடமாக மாற்றப்பட்ட வீடொன்று அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளது.

313இல் உரோமப் பேரரசிற் சமய சுதந்திரம் கிடைத்தபின், கொன்ஸ்தந்தீன் மன்னன் பெருந் தேவாலயங்களை எழுப்பினான். அவற்றுக்கு முன்மாதிரியானவை உரோமரின் கோயில்களல்ல. மக்கள் கூடும் பொது மண்டபங்களே. உரோமர் கோயில் தெய்வ உருவத்தின் இல்லம். தேவாலயமோ அடியார் கூட்டத்தின் இல்லம். இவ்வேறுபாடு சிந்திக்கத்தக்கது.

எனினும் காலப்போக்கில் அம்மண்டபமும் திருநிலை பெற்றது. கத்தோலிக்க ஆயர் பீடத்துக்கும் சுவர்களுக்கும் பரிசுத்த தைலம் பூசி ஆலயத்தை நேர்ந்தளிக்கின்றார். பேழையில் நற்கருணை வைக்கப்பட்டிருப்பதை அணையா விளக்கொன்று உணர்த்துகின்றது. சீர்திருத்தவாதிகள் இதனை வேறுவிதமாக நோக்கினர். 1544இல் ஜெர்மனியின் டோர்காவ் அரண்மனைச் சிற்றாலயத்தைத் திறந்துவைத்த மார்ட்டின் லூதர், இறைவாக்கும் செபமுமே அதனைப் புனிதப்படுத்தும் என்று போதித்தார். குவேக்கர் சபையினரோ தாம் கூடும் எளிய மண்டபத்துக்கு எவ்வித அபிஷேகமுஞ் செய்வதில்லை.

கத்தோலிக்கரிடத்தும் புனிதம் கல்லோடு பிறந்ததன்று. ஆலயம் பெரும்பாலும் அழிந்தாலோ, உலகியற் பயன்பாட்டுக்கு நிரந்தரமாக விடப்பட்டாலோ அதன் திருநிலை நீங்கும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் விதிக்கின்றது. ஆலயத்தினுள்ளே பெருங் கொடுமை நிகழ்ந்து அதன் புனிதங் கெடின், பரிகாரச் சடங்கு முடியும்வரை அங்கு வழிபாடு கூடாது.

இச்சட்டத்தின் பொருளை நம் நாடு கண்ணீரோடு அறிந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு தேவாலயங்களிற் குண்டுகள் வெடித்தன. அவற்றுள் முன்னைய இரண்டும் கத்தோலிக்க ஆலயங்கள்; மட்டக்களப்புச் சீயோன் தேவாலயமோ வேறு மரபைச் சார்ந்தது. அங்கே மடிந்தோரிற் சிறுவர் பலர். பேழையும் பரிசுத்த தைலமும் இருந்த இடத்திற்கொரு துயரம், இல்லாத இடத்திற்கு வேறொரு துயரம் என்று எவரேனும் பிரித்தனரோ? 1995 ஜூலை 9இல் நவாலித் தேவாலயத்திலே தஞ்சம் புகுந்தோர் விமானக் குண்டுவீச்சுக்கு இரையாயினர். அங்கு ஓடிச்சென்றோர் சமய சாத்திரத்தை ஆராய்ந்து சென்றாரல்லர். இவ்விடத்தை எவருந் தீண்டார் என்னும் நம்பிக்கையே அவர்களை அழைத்துச் சென்றது.

நம் பெரியபுராணத்துப் பூசலார் வரலாறு இங்கே நினைவுக்கு வருகின்றது. காடவர்கோன் காஞ்சியிற் கற்றளி எடுத்தான். பூசலார் நின்றவூரிலிருந்து மனத்திலே கோயிலமைத்தார். இருவரும் ஒரே நாளைக் குறித்தனர். இறைவன் மனக்கோயிலுக்கே முதலிடமளித்தான். ஆயினும் கற்றளியை வேண்டாமென்று தள்ளினானல்லன். மன்னனின் நாளைப் பின்போடும்படியே பணித்தான். அகக்கோயில் முந்தியது, புறக்கோயில் பிந்தியது, இரண்டும் வேண்டியவையே.

தேவாலயம் எத்தகைய புனிதமுடையது என்பதைக் கிறிஸ்தவர்கள் தம்முள் ஆராய்க. புறத்தே நிற்கும் நமக்கு அவ்வாராய்ச்சி முடியும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. மனிதர் தம் பிள்ளைகளோடு அச்சமின்றித் தலைகுனிந்து நிற்குமிடம் எதுவாயினும், அதன் வாயிலில் நம் குரலைத் தாழ்த்துதல் கடன். இதனை வீட்டிலே பெற்றோரும் வகுப்பிலே ஆசிரியரும் இளமையிற் பழக்குவாராக.