இயக்குநீர் எதிர்ப்பு முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோய்

இயக்குநீர் எதிர்ப்பு முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோய் என்பது, ஆண் இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோனின் அளவை மிகவும் குறைத்த பின்னரும் தொடர்ந்து வளரும் புராஸ்டேட் புற்றுநோய் ஆகும். உடலில் பரவிய நிலையில் இதனை முற்றிலும் குணப்படுத்துவது அரிது. எனினும் ஆயுளை நீட்டிக்கும் மருந்துகள் உள்ளன. அமெரிக்காவில் இந்நோய்க்கு டோசிடாக்செல் 2004இலும் அபிராடெரோன் 2011இலும் ஒப்புதல் பெற்றன.

2022இல் ஒப்புதல் பெற்ற லுட்டேசியம்-177 மருந்து, புற்றுநோய் உயிரணுக்களின் மேல் மிகுதியாகக் காணப்படும் பி.எஸ்.எம்.ஏ என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு, பீட்டாக் கதிர்களால் அவற்றை அழிக்கிறது. பெட் வரைவில் இப்புரதம் தென்படுவோருக்கே இது அளிக்கப்படுகிறது.

இதேபோல் ஆல்ஃபாத் துகள்களைப் பயன்படுத்தும் ஈயம்-212 மருந்துகள் ஆய்வில் உள்ளன. ஈயம்-212 தோரியத்தின் சிதைவுத் தொடரில் தோன்றும் ஓரிடத்தான் ஆகும். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலுள்ள மோனசைட்டு, தோரியம் கொண்ட கனிமமாகும். எனினும் அம்மணல் மருந்தன்று. பிரித்துத் தூய்மையாக்கிய ஓரிடத்தானே மருந்தில் சேர்க்கப்படுகிறது.