கணக்குக்குப் பயப்படலாமா?



"ஐயா, எங்க பையனுக்கு மத்த பாடமெல்லாம் வருது, கணக்கு மட்டும் மண்டையில ஏறமாட்டேங்குது." கரவனெல்லப் பகுதி லயங்களுக்குப் போகும்போதெல்லாம் நாம் கேட்கும் குறை இது. சாதாரண தரத்தில் கணிதம் தவறினால் மேற்கொண்டு படிப்பது கடினமாகிவிடலாம். பதினோரு வருடம் படித்த பிள்ளை அந்த ஒரு பாடத்தால் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போவதை நாம் பார்த்துக்கொண்டு இருக்கலாமா?

எந்தக் கணக்குக்கும் நாலு படிகள் உண்டு.

1. என்ன தந்திருக்கிறார்கள்?
2. என்ன கேட்கிறார்கள்?
3. என்ன செய்ய வேண்டும்? வரிவரியாக எழுதுக.
4. வந்த விடை பொருந்துகிறதா?

முதல் கணக்கு: 12 ஆட்கள் 6 நாளில் புல் வெட்டி முடிக்கும் மலையை, 8 ஆட்கள் எத்தனை நாளில் முடிப்பார்கள்?

பல பிள்ளைகள் அவசரப்பட்டு 4 நாள் என்று எழுதிவிடுகிறார்கள். ஆள் குறைந்தால் வேலை சீக்கிரம் முடியுமா? நாலாவது படியைப் பார்த்திருந்தால் பிழை அங்கேயே பிடிபட்டிருக்கும்.

செக்ரோலில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பேர் போடுகிறார்கள் அல்லவா? அப்படியே எண்ணுவோம்.
மொத்த வேலை: 12 × 6 = 72 பேர்.
இப்போது வருவது 8 ஆட்கள்: 72 ÷ 8 = 9 நாட்கள்.
சரி பார்த்தல்: 8 × 9 = 72. ஆள் குறைந்தது, நாள் கூடியது. பொருந்துகிறது.

இரண்டாவது கணக்கு: சதவீதம். 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபா என்று தீர்மானிக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் ஒரு தாய் 20 நாள் வேலை செய்தால், சேமலாப நிதிக்கு எவ்வளவு சேரும்? சட்டப்படி தொழிலாளி குறைந்தது 8 சதவீதமும், நிர்வாகம் குறைந்தது 12 சதவீதமும் கட்ட வேண்டும்.

சம்பளம்: 1350 × 20 = 27,000 ரூபா.
நூற்றில் ஒரு பங்கு: 27,000 ÷ 100 = 270 ரூபா.
தாயின் பங்கு: 270 × 8 = 2160 ரூபா.
நிர்வாகத்தின் பங்கு: 270 × 12 = 3240 ரூபா.
நிதியில் சேருவது: 2160 + 3240 = 5400 ரூபா.

இதில் சம்பளத்திலிருந்து வெட்டுப்படுவது 2160 ரூபா மாத்திரமே. 3240 ரூபா நிர்வாகம் தனியாகக் கட்டுவது. இந்த வித்தியாசம் தெரியாமல், "நூத்துக்கு இருவது புடிக்கிறாங்க" என்று வருந்தும் தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். சதவீதம் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால், சம்பளத் துண்டை அதுவே பார்த்துச் சொல்லிவிடும்.

பிள்ளைகளே, வரிகளை விட்டுவிட்டு விடையை மட்டும் எழுதாதீர்கள். கடைசி விடை பிழைத்தாலும் சரியான வரிகளுக்குப் புள்ளி உண்டு.

தாய்மாரே, "எனக்கு எழுத்து தெரியாதே" என்று ஒதுங்க வேண்டாம். இரவில் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நாலு கேள்வியையும் கேளுங்கள். பதில் சொல்லச் சொல்லவே பிள்ளைக்கு வழி தெரியும்.

இந்த வாரம் வீட்டில் செய்து பார்க்க ஒன்று: ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அம்மா பறித்த 18 கிலோவில் எவ்வளவு தூள் வரும்?

விடை 4 கிலோ. எப்படி வந்தது என்பதைப் பிள்ளை அம்மாவுக்கு விளக்கட்டும்.