மேஜிக் மவுன்டன்: மாறிய தடங்கள், மாறாத விதிகள்

சிறுவயதில் ஏறிப் பயந்த ராட்டினத்தை வளர்ந்தபின் மறுபடி பார்த்தால், "இவ்வளவுதானா!" என்று தோன்றும். அன்று வானைத் தொட்டது இன்று மரத்தின் உயரம்கூட இல்லாததுபோல் தெரியும். ஆனால் இதற்கு நேர்மாறான அனுபவத்தைத் தரக்கூடிய இடம் ஒன்று அமெரிக்காவில் உண்டு. கலிஃபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு வடக்கே, குன்றுப் பகுதியில் அமைந்த 'மேஜிக் மவுன்டன்' என்ற கேளிக்கைப் பூங்காதான் அது.

இப்பூங்கா 1971ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்டது. அப்போது அங்கே இருந்தது ஒரே ஒரு ரோலர் கோஸ்டர். தங்கச் சுரங்கத்தில் கட்டுக்கடங்காமல் ஓடும் வண்டி என்ற கற்பனையில் அமைந்த அதன் பெயர் 'கோல்ட் ரஷர்'. பின்னர் ஒவ்வொரு தடமும் ஒரு கதை, ஒரு பெயர், ஒரு புதுமை என்று கூடிக்கொண்டே போய், 2016இல் பதினைந்துக்கும் மேற்பட்ட ரோலர் கோஸ்டர்கள் அங்கே நின்றன.

1978இல் 15 வயதில் இங்கு வந்துபோன ஒருவர், 38 ஆண்டுகள் கழித்து 2016இல் மீண்டும் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பள்ளியில் படித்த இயற்பியல் விதிகள் அப்படியேதான் இருக்கின்றன. அவர் ஏறிய தடங்களோ மாறிவிட்டன. விதி மாறாமல் அனுபவம் மட்டும் எப்படி மாறியது? அவரோடு நாமும் பூங்காவைச் சுற்றி வருவோம், வாருங்கள்.

ஆற்றல் என்னும் சேமிப்பு

முதலில் 'கோலியாத்' என்ற பெரிய எஃகுத் தடம். இது 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்டது, 1978இல் இல்லாதது. வண்டித்தொடரை ஒரு சங்கிலி மெதுவாக மேலே இழுத்துச் செல்கிறது. உச்சியைத் தாண்டியதும் சங்கிலி விட்டுவிடுகிறது. அதற்குப்பின் வண்டியை ஓட்ட எந்த எந்திரமும் இல்லை!

பிறகு எப்படி ஓடுகிறது? மேலே ஏற்றும்போது செய்த வேலை, நிலை ஆற்றலாக வண்டியில் சேமிக்கப்பட்டிருக்கிறது. இறங்கும்போது அது இயக்க ஆற்றலாக மாறுகிறது. அடுத்த மேட்டில் ஏறும்போது மீண்டும் நிலை ஆற்றலாகிறது. உண்டியலில் போட்ட காசை மாற்றி மாற்றிச் செலவு செய்வது போலத்தான் இது. இடையே உராய்வும் காற்றுத்தடையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே பின்னால் வரும் எந்த மேடும் முதல் மேட்டைவிட உயரமாக இருக்க முடியாது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். கோலியாத்தின் முதல் இறக்கம் சுமார் 78 மீட்டர். உராய்வே இல்லை என்று கொண்டால், வேகத்தின் வர்க்கம் = 2 × 9.8 × 78 = 1529 (ஏறத்தாழ). இதன் வர்க்கமூலம் 39. அதாவது விநாடிக்கு 39 மீட்டர்; மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர். பூங்காவினர் அறிவித்துள்ள வேகம் மணிக்குச் சுமார் 137 கிலோமீட்டர். பள்ளிப் பாடத்தில் வரும் ஒரே ஒரு சமன்பாடு உண்மைக்கு எவ்வளவு அருகில் நம்மைக் கொண்டு சேர்க்கிறது, பார்த்தீர்களா!

இந்தக் கணக்கில் பயணிகளின் எடை எங்குமே வரவில்லை என்பதையும் கவனியுங்கள்.

உடல் உணர்வது வேகத்தை அன்று

மணிக்கு 137 கிலோமீட்டர் என்றதும் வேகம்தான் பயமுறுத்துகிறது என்று நினைக்கத் தோன்றும். அது சரியன்று. விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அதனுள் பயணி நிம்மதியாகத் தூங்குகிறார். ஏனெனில் சீரான வேகத்தை நம் உடலால் உணர முடியாது. வேகத்தின் அளவோ திசையோ மாறினால்தான் உணர்கிறோம். இந்த மாற்றமே முடுக்கம்.

முடுக்கத்தை அறியும் கருவி நம் உட்செவியில் இருக்கிறது. மெல்லிய கூழ்ப்படலத்தின்மேல் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் உள்ளன. உடல் முடுக்கப்படும்போது அவை சற்றே நகர்ந்து, அடியில் உள்ள உணர்மயிர்களை வளைக்கின்றன. மூளைக்குச் செய்தி போகிறது. தலை திரும்புவதை அறிய அரைவட்டக் குழல்கள் தனியே உள்ளன.

வண்டி ஒரு மேட்டின் உச்சியை விரைவாகக் கடக்கும்போது, பயணியின் உடல் நேராகவே செல்ல முயல்கிறது. இருக்கையோ கீழே வளைந்து செல்கிறது. அந்தக் கணத்தில் இருக்கை நம்மைத் தாங்குவது குறைகிறது. எடை குறைந்ததுபோல், வயிறு மேலெழுவதுபோல் தோன்றுகிறது. பள்ளத்தின் அடியிலோ இருக்கை நம்மை மேல்நோக்கித் தள்ளித் திசை திருப்புகிறது. உடல் கனக்கிறது. ரோலர் கோஸ்டர் விற்கும் சரக்கு இந்த எடை மாற்றம்தான்!

ஆறு மடங்கு எடை

நம் நண்பர் 1978இல் வியந்து பார்த்தது, 1976இல் திறக்கப்பட்ட 'ரெவல்யூஷன்' என்னும் தடம். நவீன எஃகு ரோலர் கோஸ்டர்களில் செங்குத்தான முழு வளையத்தைக் கொண்ட முதல் தடம் இதுவே. இதை உருவாக்கியவர்கள் ஜெர்மானியர்களான ஆன்டன் ஷ்வார்ட்ஸ்கோப், வெர்னர் ஸ்டெங்கெல் ஆகியோர்.

வளையம் புதிய எண்ணமன்று. 1895லேயே நியூயார்க்கின் கோனி தீவில் 'ஃபிளிப் ஃபிளாப்' என்ற வளையத் தடம் இருந்தது. அதில் ஏறியவர்களுக்குக் கழுத்தும் முதுகும் வலித்தன. சில ஆண்டுகளில் அது மறைந்தது. அதன் வளையம் ஏறத்தாழ முழு வட்டமாக இருந்ததே குற்றம்.

வட்டத்தில் என்ன குற்றம்? கணக்கிட்டுப் பார்ப்போம். உச்சியில் வண்டி தடத்தை விட்டு விழாதிருக்க, அங்கே அதன் மையநோக்கு முடுக்கம் குறைந்தது புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். அதாவது வேகத்தின் வர்க்கம், புவியீர்ப்பு முடுக்கத்தை ஆரத்தால் பெருக்கிய அளவு. இந்த அளவை 1 பங்கு என்று கொள்வோம். அடியில் வேகம் இதைவிட அதிகம். உச்சிக்கும் அடிக்கும் உள்ள உயர வேறுபாடு இரண்டு ஆரம். ஆகவே வேகத்தின் வர்க்கம் 4 பங்கு கூடும். மொத்தம் 5 பங்கு. எனவே அடியில் மையநோக்கு முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 5 மடங்கு. பயணியின் இயல்பான எடையையும் சேர்த்தால் 6 மடங்கு!

50 கிலோகிராம் எடையுள்ள மாணவர் அந்தக் கணத்தில் 300 கிலோகிராம்போல் இருக்கையில் அழுந்துவார். விந்தை என்னவென்றால், இந்தக் கணக்கில் ஆரம் அடிபட்டுப் போகிறது. வட்டத்தைச் சிறிதாகக் கட்டினாலும், மலையளவு கட்டினாலும் அதே ஆறு மடங்குதான். அதுவும் நேர்த் தடத்திலிருந்து வட்டத்துக்குள் நுழைந்த அக்கணமே அத்தனை பாரமும் கழுத்தின்மீது விழும்.

இதற்குத் தீர்வு வளையத்தின் அளவில் இல்லை, வடிவத்தில் இருந்தது. ஸ்டெங்கெல் கையாண்டது 'கிளாத்தாய்டு' எனப்படும் வளைவு. இதில் வளைவு சிறிது சிறிதாகக் கூடுகிறது. வேகம் மிகுந்த அடிப்பகுதியில் ஆரம் பெரியது. வேகம் குறைந்த உச்சியில் ஆரம் சிறியது. எனவே அடியில் பாரம் குறைகிறது. உச்சியில் வண்டி தடத்தோடு ஒட்டிச் செல்கிறது. பார்ப்பதற்குத் தலைகீழாகத் தொங்கும் நீர்த்துளிபோல் இருக்கும். இதே வகை வளைவை ரயில் பாதைப் பொறியாளர்கள் நேர்ப்பாதையையும் திருப்பத்தையும் இணைக்க முன்பே பயன்படுத்தி வந்தனர். ரயில் பயணியைக் குலுங்காமல் காத்த வளைவு இங்கே தலைகீழாகப் போகிறவரின் கழுத்தைக் காத்தது!

ரெவல்யூஷனில் தொடக்கத்தில் மடியை அழுத்திப் பிடிக்கும் ஒரு சட்டம் மட்டுமே இருந்தது. பிற்காலத்தில் தோள்களின்மேல் இறங்கும் காப்புச் சட்டமும் சேர்க்கப்பட்டது. அதில் தலை இடித்துக்கொள்வதாகப் பயணிகள் குறைகூறினர். 2016இல் தடத்தைப் புதுப்பித்தபோது தோள்சட்டத்தை அகற்றி, மீண்டும் மடிச்சட்டத்தையே வைத்தனர். தலைகீழாகும்போது விழுந்துவிட மாட்டோமா என்று கேட்பீர்கள். நீர் நிறைந்த வாளியை வேகமாகத் தலைக்குமேல் சுழற்றினால் நீர் சிந்துவதில்லை அல்லவா? அதுபோலவே வளையத்தின் உச்சியிலும் பயணி இருக்கையோடு சேர்த்தே அழுத்தப்படுகிறார். சட்டம் எதிர்பாராதவற்றுக்கான காப்பு.

வேகம் குறைந்தது, விறுவிறுப்புக் கூடியது

அடுத்து 'கொலோசஸ்'. 1978இல் திறந்தபோது இது சுமார் 38 மீட்டர் உயரமுள்ள மரத் தடம். அருகருகே இரு தடங்கள். இரண்டு வண்டிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு ஓடும். நம் நண்பர் திரும்பி வரும்போது அந்தப் பழைய தடம் இல்லை. 2014 ஆகஸ்டில் அதை மூடினார்கள். அடுத்த மாதம், பிரிக்கும் வேலை நடக்கையில், ஒரு பகுதி தீப்பற்றியும் எரிந்தது. ஆனால் மரச் சட்டகத்தின் பெரும்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே எஃகுத் தடம் பதித்து, 2015 மே மாதம் 'டுவிஸ்டட் கொலோசஸ்' என்று திறந்தனர். இரு தடங்களும் ஒன்றாக இணைக்கப்பட்டு, ஒரே நீண்ட பயணமாயின.

பழைய கொலோசஸின் வேகம் மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர். புதியதோ சுமார் 92 கிலோமீட்டர்தான். வேகம் குறைந்திருக்கிறது! ஆனாலும் புதியதில்தான் விறுவிறுப்பு அதிகம். காரணம், மரத் தடத்தால் செய்ய இயலாத கூர்மையான முறுக்குகளையும் திருப்பங்களையும் எஃகுத் தடம் செய்கிறது. வண்டி தலைகீழாகவும் புரள்கிறது. உடல் உணர்வது வேகத்தை அன்று, அதன் மாற்றத்தையே என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

சங்கிலி இல்லாத ஏற்றம்

1997இல் திறக்கப்பட்ட 'சூப்பர்மேன்' தடத்தில் இழுக்கும் சங்கிலியே இல்லை. தடத்தை ஒட்டி மின்காந்தங்கள் வரிசையாக நின்றன. சாதாரண மின்மோட்டாரை வெட்டி நீளமாக விரித்தால் எப்படியோ, அப்படிப்பட்ட அமைப்பு இது. மின்காந்தங்கள் வண்டியைச் சுமார் 7 விநாடிகளில் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்துக்குத் தள்ளின. அந்த வேகத்தோடு வண்டி 126 மீட்டர் உயரக் கோபுரத்தில் செங்குத்தாக ஏறியது.

இங்கே நம் ஆற்றல் கணக்குத் தலைகீழாகிறது. முதலில் வேகம், பிறகு உயரம். மணிக்கு 160 கிலோமீட்டர் என்பது விநாடிக்குச் சுமார் 44 மீட்டர். இதற்குரிய உயரம் 44 × 44 ÷ 19.6, அதாவது ஏறத்தாழ 100 மீட்டர். கோபுரம் அதற்கும் மேல் நின்றதன் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா?

செங்குத்தாக மேலே செல்லும்போதே பயணிகள் எடையின்மையை உணர்ந்தார்கள். விழும்போதுதான் எடை போகும் என்று பலர் எண்ணுகிறார்கள். மேலே எறிந்த கல், ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே புவியீர்ப்பு முடுக்கத்தில்தான் இருக்கிறது. பயணியும் வண்டியும் சேர்ந்து எறியப்பட்ட இரு கற்களே!

நிறுத்துவதும் ஒரு கலை

ஓட வைப்பதைப் போலவே பாதுகாப்பதும் நிறுத்துவதும் முக்கியம். சங்கிலி ஏற்றத்தில் கேட்கும் 'டக், டக்' ஓசை, வண்டி பின்னோக்கி நழுவாமல் கொக்கி பல்லில் விழும் ஓசை. வண்டியின் சக்கரங்கள் தண்டவாளத்தை மேலே, பக்கத்தில், அடியில் என மூன்று புறமும் பிடித்திருக்கும். தடம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரு வண்டியே அனுமதிக்கப்படும். ரயில் நிலையங்களுக்கு இடையே கடைப்பிடிக்கும் அதே முறை.

இக்காலத் தடங்கள் பலவற்றில் காந்தத் தடைகள் உள்ளன. வலிமைமிக்க நிலைக்காந்தங்களுக்கு இடையே உலோகத் தகடு பாயும்போது, தகட்டில் சுழல் மின்னோட்டம் தோன்றி, லென்ஸ் விதிப்படி அந்த இயக்கத்தையே எதிர்க்கிறது. இதற்கு மின்சாரம் தேவையில்லை; மின்சாரம் நின்றாலும் இயற்கை விதி நிற்காது. ஆனால் வேகம் குறையக் குறைய இத்தடையும் வலுவிழக்கும். முழுவதும் நிறுத்த உராய்வுத் தடை வேண்டும்.

நம் நண்பருக்கு இப்போது வயது 53. இதய நோயும் கழுத்து வலியும் உள்ளவர்கள் ஏறக் கூடாது என்ற பலகைகளை 15 வயதில் அவர் படித்திருக்க மாட்டார். இம்முறை நின்று படிப்பார், படிக்கத்தான் வேண்டும். தடத்தைக் கட்டியவர் தம் கணக்கைச் செய்துவிட்டார். தம் உடலைப் பற்றிய கணக்கை ஏறுகிறவர்தான் செய்ய வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

வளையக்கூடிய நீண்ட பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் பாதியாக வெட்டிக்கொள்ளுங்கள். அதன் நடுவில் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட வளையம் அமையுமாறு ஓர் அட்டையில் பொருத்துங்கள். ஒரு முனையை உயர்த்தி, அதிலிருந்து கோலிக்குண்டை உருட்டுங்கள். எந்த உயரத்திலிருந்து விட்டால் குண்டு விழாமல் வளையத்தைக் கடக்கிறது?

உராய்வின்றி வழுக்கிச் செல்லும் பொருளுக்கு ஆரத்தின் இரண்டரை மடங்கு, அதாவது 25 சென்டிமீட்டர் போதும். உங்கள் குண்டுக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். உராய்வு ஒரு காரணம். குண்டு உருளுவதற்கும் ஆற்றல் செலவாவது இன்னொரு காரணம். அடுத்து, வளையத்தை நீர்த்துளி வடிவில் மாற்றி அமைத்து மீண்டும் அளந்து பாருங்கள். இரண்டு அளவுகளையும் அட்டவணையாக எழுதி ஒப்பிடுங்கள்.