கணினி அறிவியல் முனைவர்பட்டச் சேர்க்கை: தகுதி விதிகளும் நெறியாளர் இடங்களும் (அதியமான்கோட்டை வட்டாரத்தை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

முனைவர்பட்ட ஆய்வுக்கு யார் விண்ணப்பிக்கலாம் என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் வரையறுக்கின்றன. ஆயினும் தகுதி பெற்றவருக்கு இடம் கிடைப்பது நெறியாளரின் காலியிடத்தைப் பொறுத்தே அமைகிறது. தருமபுரி மாவட்டம் அதியமான்கோட்டை வட்டாரத்துக் கணினி அறிவியல் பட்டதாரியின் நிலையிலிருந்து இவ்வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: முனைவர்பட்டச் சேர்க்கை, கணினி அறிவியல், நெறியாளர், தேசியத் தகுதித் தேர்வு, பகுதிநேர ஆய்வு.

முன்னுரை

சங்க இலக்கியம் போற்றும் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தாங்கிய அதியமான்கோட்டை, தருமபுரி நகரிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. தொப்பூர் கணவாயைக் கடந்து செல்லும் அதே சாலையில்தான் சேலம் பெரியார் பல்கலைக்கழகம் உள்ளது. ஓசூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 844 இவ்வூரில் பிரிகிறது. கணினி அறிவியலில் முதுநிலைப் பட்டம் பெற்ற இவ்வட்டார இளைஞருக்கு ஒரு சாலை ஆய்வுக்கும் மற்றொன்று வேலைக்கும் செல்வதாகக் கொள்ளலாம்.

சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காகப் பெரியார் பல்கலைக்கழகம் 1997இல் தோற்றுவிக்கப்பட்டது. தருமபுரியில் அதன் முதுநிலை விரிவாக்க மையமும், 1965இல் தொடங்கப்பட்ட அரசு கலைக் கல்லூரியும் உள்ளன. செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரி 2013 முதல் இயங்குகிறது. எனவே நிறுவனங்களே இல்லாத வட்டாரம் என இதனைக் கூறவியலாது.

தகுதி விதிகள்

மூன்றாண்டு இளநிலைப் பட்டத்திற்குப் பின் ஈராண்டு முதுநிலைப் பட்டமும் அதில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் பெற்றவர் விண்ணப்பிக்கலாம். நான்காண்டு இளநிலைப் பட்டம் மட்டும் பெற்றவர்க்கு 75 விழுக்காடு தேவை. பட்டியலினத்தவர், பழங்குடியினர், வளமான பிரிவில் அடங்காத பிற பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு.

இங்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உள்ளது. தமிழ்நாட்டில் வழங்கப்படும் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் சாதிச் சான்றிதழ் தேசியத் தகுதித் தேர்வுக்குப் போதுமானதன்று. மத்திய அரசுக்கென வழங்கப்படும் பிற பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழைத் தனியே பெறவேண்டும். தேர்வுக்குப் பல மாதங்கள் பயின்றவர் இச்சான்றிதழுக்குச் சில வாரங்கள் முன்னதாக விண்ணப்பிக்கத் தவறுவதுண்டு.

தேர்வு முறை

பல்கலைக்கழகம் தானே நடத்தும் நுழைவுத் தேர்வில் ஆய்வு நெறிமுறைக்குப் பாதியும் துறைப் பாடத்திற்குப் பாதியும் ஒதுக்கப்படும். அதில் 50 விழுக்காடு பெற்றவரே நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்படுவர். இறுதித் தரவரிசையில் எழுத்துத் தேர்வு 70, நேர்முகத் தேர்வு 30 என மதிப்பிடப்படும்.

2024 மார்ச் மாத அறிவிப்பின்படி தேசியத் தகுதித் தேர்வு மதிப்பெண்ணையும் முனைவர்பட்டச் சேர்க்கைக்குப் பயன்படுத்தலாம். இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வானவர் நேர்முகத் தேர்வின்வழிச் சேர்வர். உதவிப் பேராசிரியர் தகுதியுடனோ முனைவர்பட்டச் சேர்க்கைக்கு மட்டுமோ தேர்ச்சி பெற்றவரின் மதிப்பெண் சேர்க்கைக்கு ஓராண்டு மட்டுமே செல்லும். அவ்வோராண்டுக்குள் நெறியாளர் அமையாவிடில் தேர்வை மீண்டும் எழுத நேரும். தேர்ச்சிக்குப் பின்னரே நெறியாளரைத் தேடத் தொடங்கும் வழக்கம் இவ்விதியால் இழப்பைத் தருகிறது.

நெறியாளர் இடங்கள்

ஒரே காலத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே நெறியாளராக இருக்கலாம். ஓய்வுபெற மூன்றாண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதியவரைச் சேர்க்க இயலாது.

எடுத்துக்காட்டாக, நெறியாளர் தகுதியுள்ள உதவிப் பேராசிரியர் இருவர் மட்டும் உள்ள கல்லூரித் துறை ஒன்றைக் கொள்வோம். மொத்த இடங்கள் 8. ஆய்வாளர் அனைவரும் குறைந்தபட்சக் காலமான மூன்றாண்டில் முடித்தால் ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு அல்லது மூன்று இடங்கள் காலியாகும். அனைவரும் ஆறாண்டு எடுத்துக்கொண்டால் ஆண்டுக்குச் சராசரியாக ஒன்று அல்லது இரண்டு இடங்களே கிடைக்கும். அவ்வாண்டில் எத்தனை பேர் தகுதித் தேர்வில் வென்றனர் என்பது இக்கணக்கை மாற்றுவதில்லை.

நெறியாளர் நிரந்தர ஆசிரியராக இருத்தல் வேண்டும் என்பது மற்றொரு விதி. தமிழ்நாட்டு அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் பெரும் எண்ணிக்கையில் பணியாற்றுகின்றனர். அவர்களுள் முனைவர்பட்டமும் ஆய்வுக் கட்டுரைகளும் உடையோர் பலர். அறிவுத் தகுதி இருந்தும் அவர்கள் நெறியாளராக இயலாது. தரத்தைக் காக்க வகுக்கப்பட்ட இவ்விதி, நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படாத சூழலில் மாணவரின் வாய்ப்பைக் குறைக்கிறது. சேர்க்கை பற்றிய உரையாடல்களில் மதிப்பெண் தளர்வு பேசப்படும் அளவுக்கு இது பேசப்படுவதில்லை என்பது கருதத்தக்கது.

முழுநேரமும் பகுதிநேரமும்

இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இதனைப் பெறாதவருக்கு முழுநேர ஆய்வு குடும்பப் பொருளாதாரத்தைச் சார்ந்ததாகிவிடுகிறது. ஓசூரிலோ பெங்களூருவிலோ மென்பொருள் பணியில் இருப்பவர் பகுதிநேர ஆய்வை நாடுவது இயல்பே. அதற்கு நிறுவனத்தின் தடையின்மைச் சான்று தேவை. ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்கப் பணி இடமளிக்கும் என்பதையும், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க் எனப்படும் பாடப்பகுதியை முடிக்கப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்பதையும் அச்சான்று குறிப்பிடவேண்டும். இரண்டாவது உறுதிமொழியைத் தனியார் நிறுவனத்திடம் பெறுவது எளிதன்று. தொலைநிலை, இணையவழி முறைகளில் முனைவர்பட்டம் பெற விதி இடமளிப்பதில்லை.

காலியிடத்தை முன்கூட்டியே அறிதல்

நெறியாளர்களின் பட்டியலையும், அவர்களிடம் பதிவுசெய்த ஆய்வாளர்களின் பெயர், தலைப்பு, சேர்ந்த நாள் ஆகியவற்றையும் நிறுவனங்கள் தம் இணையதளத்தில் வெளியிட்டு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்கிறது ஒழுங்குமுறை. பலரும் கவனிக்காத இப்பிரிவே விண்ணப்பதாரருக்கு மிகுதியும் பயன்படுவது. சேர்ந்த நாளைக் கொண்டு எந்நெறியாளரிடம் எப்போது இடம் காலியாகக்கூடும் எனக் கணிக்கலாம். தலைப்புகளைக் கொண்டு இயற்கைமொழி ஆய்வு, படிமச் செயலாக்கம், வலையமைப்புப் பாதுகாப்பு எனத் தம் விருப்பத் துறைக்குரியவரை அடையாளம் காணலாம். இப்பட்டியல் புதுப்பிக்கப்படாத துறையில், அதியமான்கோட்டையிலிருந்து பேருந்தேறிச் சென்று ஒவ்வொரு நெறியாளரையும் நேரில் கேட்டே இவ்விவரத்தை அறியவேண்டியுள்ளது.